கார் நிறுத்தினால் அமுங்கும் கிராவல் தரை: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் முடிந்ததும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், கார் நிறுத்தும் இடம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றக் கேள்விகளுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதை முழுதாகப் படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: எங்கள் ஐயா காலத்து வீடு. பின்தெருப் பக்கம் கேட் வைத்து, உள்ளே 45 அடி நீளம், 12 அடி அகலத்துக்கு கார் நிறுத்த இடம் ஒதுக்கினோம். நான்கு லோடு கிராவல் அடித்து, ஜேசிபியை வைத்து நிரவி, மேலே முக்கால் அங்குல ஜல்லி பரப்பினோம். கோடையில் கடப்பாரைகூட இறங்காது. ஐப்பசி மழையில் இன்னோவா நின்ற இடத்தில் சக்கரம் அரை அடி புதைந்துவிட்டது. மேலும் ஒரு லோடு ஜல்லி கொட்டினோம். அதுவும் உள்ளே போய்விட்டது. கான்கிரீட் போட்டால்தான் சரிவரும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. இப்போதைய தரையின் மேலேயே கான்கிரீட் போட்டால் அதுவும் இரண்டு மழைக்குள் வெடிக்கும். கோளாறு மேலே கிடக்கும் ஜல்லியில் இல்லை. அடியில் இருக்கும் மண்ணிலும் அங்கே தேங்கும் தண்ணீரிலும் இருக்கிறது.

இன்னோவா ஆட்களோடு இரண்டு டன்னைத் தாண்டும். ஒரு சக்கரத்துக்கு அரை டன். அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 6 அங்குலச் சதுரம்தான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அழுத்தம் வருகிறது. நனைந்த களிச்சத்துள்ள மண் இதைத் தாங்காது. நன்றாகக் கெட்டித்த 6 அங்குலக் கல்தளம் நடுவே இருந்தால் சுமை பரவி, அடிமண்ணுக்கு நான்கில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். 9 அங்குலம் இருந்தால் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால்தான் சுமை இப்படிப் பரவும். முக்கால் ஜல்லி எல்லாம் ஒரே அளவுக் கல். இடுக்கை நிரப்பச் சிறு கல்லும் தூளும் இல்லாததால் சக்கரம் ஏறியதும் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே விலகும். மழையில் அடியிலிருக்கும் சேறு அந்த இடுக்குகளில் ஏறிக்கொள்ளும். சேறு புகுந்தபின் கல்லும் கல்லும் தொடாது. அதன்பின் எத்தனை லோடு கொட்டினாலும் சேற்றில் கல்லைக் கரைத்த கணக்குத்தான்.

நம் பக்கத்துக் கிராவல் மண் காய்ந்தால் இறுகுவது உண்மைதான். ஆனால் நான்கு லோடை ஒரே தடவையில் கொட்டி, ஜேசிபி பக்கெட்டால் தட்டினால் மேல் மூன்று நான்கு அங்குலம் மட்டுமே கெட்டிப்படும். கீழே பொதபொதவென்று இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஐப்பசித் தண்ணீர் போய் உட்காருகிறது. ஆகவே இந்தத் தரையின் பலத்தைச் சித்திரையில் சோதிப்பதில் பொருளில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் சுலபமாக இறங்கும் இடமெல்லாம் தோண்ட வேண்டிய இடம். இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அடியில் களி இருக்கிறது, வடிகால் போட்டே ஆக வேண்டும்.

பழைய வீடுகளில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பின்கட்டில் ஏதாவது இடித்திருந்தால் அந்தச் சுண்ணாம்புக் காரைக் கட்டிகளும் உடைந்த நாட்டு ஓடும் மரத்துண்டும் பெரும்பாலும் அங்கேயே பள்ளத்தில் போடப்பட்டிருக்கும். ஓடு சுமையில் நொறுங்கும், மரம் உளுத்துப் பொந்தாகும். தோண்டும்போது இவை வந்தால் கெட்டி மண் தெரியும்வரை எடுத்துவிடுங்கள். முக்கால் பாகம் எடுத்தது போதும் என்று நிறுத்தினால் மிச்சமுள்ள கால் பாகத்தில்தான் சக்கரம் இறங்கும்.

இனி வேலை. ஆனியில் தொடங்கி ஆவணி பிறப்பதற்குள் முடியுங்கள். மழைக்கு முன் இரண்டு மாதமாவது கார் ஏறி இறங்கினால் தளம் நன்றாகப் படியும்.

மேலே கிடக்கும் ஜல்லியைச் சலித்து ஒரு பக்கம் குவித்துக்கொள்ளுங்கள். பிறகு 9 அங்குலம் தோண்டுங்கள். உங்கள் அளவுக்கு 405 கன அடி வரும். தோண்டிய மண் உப்பும் என்பதால் அகற்ற வேண்டியது ஏறக்குறைய 5 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தோண்டிய அடித்தரையிலேயே வாட்டம் கொடுத்துவிட வேண்டும். வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாகப் பத்தடிக்கு 4 அங்குலம் வாட்டம் போதும், 12 அடிக்கு 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மேல்தளத்தில் மட்டும் வாட்டம் கொடுத்து அடியைச் சமமாக விட்டால் உள்ளே இறங்கும் தண்ணீர் அடியில் குளமாகத் தங்கும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அடித்தரையை லேசாக நனைத்து உருட்டுங்கள். பிறகு மண் ஏற்றிய டிராக்டர் டிப்பரை மெல்ல ஓட்டச் சொல்லிச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள். தரை எழும்பித் தாழ்ந்தால் அந்த இடத்தில் மேலும் ஓர் அடி தோண்டி, கல்லும் கிரஷர் தூளும் கலந்து அடைக்க வேண்டும். இதற்கு ஆகும் ஒரு மணி நேரம் முழு வேலையையும் காப்பாற்றும்.

அடுத்தது ஜியோ டெக்ஸ்டைல் விரிப்பு. நெய்யாத வகையில் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளதைக் கேளுங்கள். உங்கள் இடம் 50 சதுர மீட்டர். ஓரம் மடிக்கவும் ஒன்றன்மேல் ஒன்று ஒன்றரை அடி ஏறவும் சேர்த்து 65 சதுர மீட்டர் வாங்குங்கள். இது தண்ணீரை விடும், சேற்றை விடாது. விரிப்பின் மேல் டிப்பரை ஏற்றக்கூடாது. கேட் பக்கம் கல்லைக் கொட்டி, கொட்டிய கல்லின் மேலேயே நின்று முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அதன்மேல் 40 மி.மீ. முதல் தூள்வரை கலந்த கல். திருமயம் பக்கத்துக் கிரஷர்களில் 'வெட் மிக்ஸ்' என்றோ 'ஜி.எஸ்.பி.' என்றோ கேளுங்கள். கெட்டித்தபின் 6 அங்குலம் இருக்க வேண்டும் என்றால் 270 கன அடி. கெட்டிக்கும்போது தாழ்வதற்கும் சேதாரத்துக்கும் முப்பது சதவீதம் கூட்டினால் மூன்றரை யூனிட். இதை இரண்டு அடுக்காகப் போடுங்கள். உதிரியாக 4 அங்குலம் பரப்பிக் கெட்டித்தால் 3 அங்குலம் நிற்கும். ஆறையும் ஒரே அடுக்காகப் போட்டால் பிளேட் கம்பாக்டர் என்ற இடிக்கும் இயந்திரத்தின் அடி கீழே எட்டாது. மேல் 3 அங்குலத்துக்கு 20 மி.மீ. முதல் தூள்வரை கலந்த கல், ஏறக்குறைய 2 யூனிட். சலித்து வைத்த ஜல்லியைக் கழுவி இதனுடன் கலந்துகொள்ளலாம், ஒரு பங்கு ஜல்லிக்கு இரண்டு பங்குக்குக் குறையாமல் கலவை இருக்க வேண்டும்.

ஈரம்தான் சூட்சுமம். தூள் கலந்த கல்லில் ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கசிந்தால் அரை நாள் ஆறவிடுங்கள். காய்ந்த கல்லை எத்தனை தடவை உருட்டினாலும் பிடிக்காது.

உருட்டுவதற்கு ஒன்றரை டன் பேபி ரோலர் கிடைத்தால் நல்லது. ஓரத்திலிருந்து தொடங்கி மேட்டுப் பக்கம் நோக்கிப் போங்கள், ஒவ்வோர் அடுக்குக்கும் ஆறு முதல் எட்டு ஓட்டம். பழைய சுண்ணாம்புச் சுவரிலிருந்து பத்தடிக்குள் ரோலரின் அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் எடையில் உருட்டச் சொல்லுங்கள். சுவரில் பூச்சு ஏற்கெனவே உப்பியிருந்தால் அந்த அதிர்வில் விழும். செட்டிநாட்டுப் பூச்சை இன்றைக்குத் திரும்பச் செய்யும் கொத்தனார் கிடைப்பது அரிது. இதில் ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டால் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓரக்கட்டு இல்லாத கிராவல் தளம் வருடத்துக்கு வருடம் அகலமாகி மெலியும். இரண்டு பக்கமும் 9 அங்குலம் உயரமுள்ள செம்பராங்கல்லையோ பழைய கருங்கல் துண்டையோ பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, சாந்து வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த பக்கத்து ஓரக்கல்லில் ஐந்தடிக்கு ஓர் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் கல்லே அணையாகிவிடும்.

அந்தத் தாழ்ந்த பக்கத்தில் ஓர் அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழத்தில் கால்வாய் வெட்டி, விரிப்பைப் போர்த்தி, துளையிட்ட 4 அங்குல பிவிசி பைப்பைத் துளை கீழே பார்க்கும்படி வைத்து, 40 மி.மீ. ஜல்லியால் மூடுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் வேண்டும். வெளியேறும் தண்ணீரைத் தோட்டத்து உறிஞ்சுகுழியில் விடுங்கள். கூரைத் தண்ணீரும் வளவுத் தண்ணீரும் ஊருணிக்குப் போகும் பழைய வரத்துக்காலில் இதைச் சேர்க்க வேண்டாம். கார் நிற்கும் இடத்துத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும்.

பள்ளத்தூர் வாசகி: எங்கள் வீட்டில் கிராவல் தளம் மொத்தத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கார் நிற்கும் இடத்தில் மட்டும் அதே நான்கு குழிகள் வருடந்தோறும் விழுகின்றன. எங்கள் அப்பச்சி ஒவ்வொரு முறையும் ஜல்லி போட்டு அடைக்கிறார்கள். ஒரு மாதத்தில் கல்லெல்லாம் வெளியே சிதறிவிடுகிறது. ஏன்?

பதில்: குழியின் அடி வழவழப்பாக இறுகியிருக்கும். அதில் உதிரி ஜல்லி போட்டால் ஒட்டாது, சக்கரம் திரும்பும்போது தெறித்துவிடும். குழியைச் சுற்றி ஓர் அடி கூடுதலாகச் சதுரமாக வெட்டி, அடியை 3 அங்குல ஆழத்துக்குக் கடப்பாரையால் கொத்திக் கிளறிவிடுங்கள். 20 மி.மீ. முதல் தூள்வரை கலந்த கல்லை நனைத்துப் போட்டு, இரண்டிரண்டு அங்குலமாகத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். கடைசியில் சுற்றுத்தரையைவிடக் கால் அங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.

ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவதற்கு வேறு காரணங்களும் இருக்கும். நின்ற இடத்திலேயே காரைக் கழுவுவது முதல் காரணம். வாரம் இரண்டு தடவை இரண்டு மூன்று வாளித் தண்ணீர் அதே நான்கு சக்கரத்தடியில் இறங்கினால் வருடம் முழுக்க அங்கே மழைதான். கார் நிற்காத ஒரு மூலையில் கருங்கல் பலகை பாவி, கழுவுவதை அங்கே மாற்றுங்கள். இன்னொன்று, வண்டி நகராதபோது ஸ்டீயரிங்கைத் திருப்புவது. சக்கரம் அதே இடத்தில் நின்று கல்லை அரைத்துப் பெயர்க்கும். ஓட்டுபவர் வண்டியை ஓர் அடி நகர்த்திக்கொண்டே திருப்பினால் போதும்.

இவை இரண்டையும் சரிசெய்தும் குழி விழுந்தால், சக்கரம் நிற்கும் இடத்தில் மட்டும் கருங்கல் பலகை பாவலாம். கார்களின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலிருந்து நடு அளந்தால் நாலேகால் முதல் ஐந்தடி வரும். இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை போட்டால் எந்தக் காருக்கும் பொருந்தும். பலகை 3 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அடியில் 6 அங்குலம் கெட்டித்த கல்தளம், அதன்மேல் ஓர் அங்குலம் கிரஷர் தூள். மண்ணின் மேல் நேராகப் பாவிய பலகை ஒரு முனை தாழ்ந்து மறு முனை எழும்பும்.

தேவகோட்டை வாசகர்: எங்கள் மனை பள்ளம். கண்மாய் வண்டல் அடித்து உயர்த்தியிருக்கிறோம். 400 சதுர அடியில் கார் நிறுத்த வேண்டும். அவ்வளவு மண்ணையும் அள்ளி வெளியேற்ற வசதியில்லை. சிமெண்ட் கலந்தால் இறுகுமா?

பதில்: மண்ணைப் பொறுத்தது. ஈர மண்ணைக் கல்பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரியாக்குங்கள். 3 மி.மீ. பருமன்வரை உடையாமல் வந்தால் அது களிமண், சுண்ணாம்புதான் கேட்கும். அதற்கு முன்பே உதிர்ந்தால் மணல் சேர்ந்த மண், சிமெண்ட் கலக்கலாம். கண்மாய் வண்டல் பெரும்பாலும் முதல் வகையில் வரும்.

களியாக இருந்தால்: இலைதழை, வேர் கலந்த மேல்மண் இருக்கும்வரை அகற்றுங்கள், அது சுண்ணாம்பை வேலை செய்ய விடாது. பிறகு 6 அங்குல ஆழத்துக்குப் பவர் டில்லரால் கட்டியில்லாமல் உழுங்கள். 400 சதுர அடிக்கு 200 கன அடி மண், ஏறக்குறைய 9 டன். அதில் ஐந்து சதவீதம் என்றால் 450 கிலோ நீற்றிய சுண்ணாம்புத் தூள், 25 கிலோ மூட்டை 18. கட்டம் பிரித்து, ஒரு மூட்டைக்கு 22 சதுர அடி என்று சமமாகத் தூவி, உழுது, தண்ணீர் தெளித்து, தார்ப்பாயால் மூடி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் களி பொலபொலவென்று ஆகியிருக்கும். மறுபடி உழுது, ஈரம் பார்த்து உருட்டி, ஏழு நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று வீசும்போது சுண்ணாம்பைத் தூவாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மணல் சார்ந்த செம்மண்ணாக இருந்தால் இதே பரப்புக்கு 8 மூட்டை சிமெண்ட். கலந்து தண்ணீர் விட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி முடித்துவிட வேண்டும். பாதிப் பாதியாகப் பிரித்துச் செய்யுங்கள்.

இரண்டுமே அடித்தளம் மட்டும்தான். மேலே 4 அங்குலம் தூள் கலந்த கல் போடாமல் காரை ஏற்றினால் புழுதியாகக் கிளம்பிவிடும்.

காரைக்குடி வாசகர்: ஜியோ டெக்ஸ்டைலுக்குப் பதில் வீட்டில் கிடக்கும் தார்ப்பாயையோ காலி சிமெண்ட் சாக்குகளையோ விரிக்கலாமா?

பதில்: தார்ப்பாய் கூடவே கூடாது. மேலே விழும் மழை அதன்மேல் தேங்கிக் கல்தளத்தையே ஊறவைக்கும். சாக்குகள் சக்கரச் சுமையில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடுக்கு வழியே சேறு ஏறும். கல்யாணம், வீட்டு வேலை என்று ஒன்றிரண்டு மாதத் தேவைக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். நிலையான தளத்துக்கு வேண்டாம். விரிப்பு வாங்கக் கையில் பணம் இல்லையென்றால், விரிப்பு இல்லாமல் முதலில் 3 அங்குலம் கிரஷர் தூள் மட்டும் போட்டுக் கெட்டித்து, அதன்மேல் கல்லைப் போடுங்கள். தூளும் ஓரளவு சேற்றைத் தடுக்கும்.

கொத்தமங்கலம் வாசகி: தை மாதம் வீட்டில் கல்யாணம். முப்பது கார் வரும். பக்கத்துக் காலி மனையில் நிறுத்தலாம் என்றால் மார்கழி மழை ஈரம் இன்னும் காயவில்லை. இரண்டு நாளைக்காக முழு மனைக்கும் கிராவல் அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஆச்சி. போகும் வரும் வழியைச் சேர்த்து ஒரு காருக்கு 250 சதுர அடி வைத்தால் முப்பது காருக்கு 7,500 சதுர அடி. அவ்வளவுக்கும் போட்டால் செலவு கல்யாணச் செலவோடு போட்டியிடும். ஒரு கார் தன் இடத்தில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். நுழைவுவழியில்தான் முப்பதும் திரும்பத் திரும்ப ஓடும். அங்கே மட்டும் 10 அடி அகலம், 60 அடி நீளத்துக்கு 4 அங்குலம் கிரஷர் தூள் கலந்த கல் போட்டு உருட்டுங்கள். மூன்று யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இந்த மாதிரி வழிக்குத்தான் சாக்கு விரிப்பு பொருந்தும்.

மற்ற இடத்தில் புல்லை வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். வேர்தான் மண்ணைப் பிடித்துவைக்கிறது. ஜேசிபியை வைத்து 'சுத்தம்' செய்யச் சொல்லிவிட்டால் மேல்தோல் போய்ச் சேறுதான் மிஞ்சும். தாழ்வான மூலையைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். வேன்களும் பெரிய கார்களும் வழியோரமாக, சின்னக் கார்கள் உள்ளே. இழுவைக் கயிறோடு ஒரு டிராக்டர் நிற்கட்டும். சிக்கிய கார் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆழமாகத்தான் போகும் என்று வழிகாட்டும் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

புதுவயல் வாசகர்: கார் நிறுத்த வசதியான இடத்தில் பழைய செப்டிக் டேங்க் மூடி வருகிறது. அதன்மேல் ஓர் அடி கிராவல் போட்டு மறைத்துவிடலாமா?

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். வீட்டுச் செப்டிக் டேங்கின் மூடி ஆள் நடக்கும் சுமைக்குப் போட்டது. உள்ளே கிளம்பும் வாயு வருடக்கணக்கில் கான்கிரீட்டின் அடிப்பக்கத்தை அரித்திருக்கும், கம்பி துருப்பிடித்திருக்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. ஓர் அடி கிராவலே சதுர அடிக்கு 50 கிலோ எடையைக் கூட்டும். அதன்மேல் காரும் ஏறினால் மூடி சொல்லிக்கொள்ளாமல் உடையும்.

டேங்க் பயன்பாட்டில் இருந்தால் அதன் விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளிக் கல் நட்டுத் தடுத்துவிடுங்கள். பயன்பாட்டில் இல்லையென்றால் லாரியை வரவழைத்து முழுதாக உறிஞ்சி எடுத்து, மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் தேங்காதபடி அடித்தரையை உடைத்து, 6 அங்குல அடுக்குகளாக மணலோ கிரஷர் தூளோ போட்டு நனைத்து இடித்து நிரப்புங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக்கூடாது. உடைப்பதும் இடிப்பதும் மேலே நின்று இயந்திரத்தால் செய்ய வேண்டிய வேலை. மூடிவிட்ட பழைய கிணறுக்கும் இதே எச்சரிக்கை.

கோட்டையூர் வாசகர்: போர்ட்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை. தாங்குமா?

பதில்: வேண்டாம். முக்கால் அங்குலக் கனமுள்ள சிமெண்ட் டைல்ஸ் அது. வண்ணம் மேலே மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. சக்கரத்தில் ஒட்டி வரும் சரளையும் மணலும் அதைத் தேய்க்கும், எண்ணெய் சொட்டினால் கறை இறங்கிவிடும், ஈரத்தில் வழுக்கும். கார் நிற்கும் பகுதிக்குக் கொத்திய கருங்கல் பலகை போட்டு, படியேறும் இடத்திலிருந்து ஆத்தங்குடியைத் தொடங்குங்கள்.